ஏட்டையா வீட்டுப் பிள்ளைகள்

“ஏட்டையாவுக்கு எம்புட்டுப் பிள்ளைகம்மா?”

நாடகக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்பார். கேட்டுவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். ஒருத்தி சிவப்பு, ஒருத்தி கறுப்பு, ஒருத்திக்குக் கோரை முடி, ஒருத்திக்குச் சுருட்டை. என் தங்கை செல்லத்துக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். எங்களில் யாரும் யார் சாயலிலும் இல்லை.

“ஆண்டவன் குடுத்தது அம்புட்டும்” என்று அத்தை சொல்வாள். அதற்குள் எங்கள் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளியிருப்பாள். டிக்கெட்காரர் சிரித்துக்கொண்டே வழி விடுவார். எங்களுக்கும் சிரிப்பு வரும். போலீஸ் ஏட்டு வீட்டுப் பிள்ளைகளாக இருப்பது, கொட்டகைக்குள் போகிற வரைக்குமாவது, பெரிய கௌரவமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் குடியிருந்தார் அந்த ஏட்டையா. நாடகம் நடக்கும் நாட்களில் கொட்டகையில் காவல் பார்ப்பது அவர் வேலை. அதனால் அவர் வீட்டு ஆட்களுக்கு உள்ளே போக டிக்கெட் கிடையாது. வீட்டு ஆட்கள் என்று அவருக்கு இருந்தது பெண்சாதி ஒருத்திதான். ஊர் அவளை ஏட்டம்மா என்றது. நாங்கள் அத்தை என்போம். பிள்ளை கிடையாது. ஆகவே தெருப்பிள்ளைகளை எல்லாம் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்துக் கூட்டிப் போவாள்.

அவளுக்கும் நாங்கள் வேண்டியிருந்தது. யுத்தம் வருவதற்கு முந்தின காலம் அது. ஒரு பொம்பளை தனியாக நாடகம் பார்க்கப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கூடவே பிள்ளைகள் இருந்துவிட்டால் பேச்சே இல்லை. பாவம், பிள்ளைகளுக்குச் சாமி கதை காட்டக் கூட்டிப்போகிறாள் என்று ஆகிவிடும்.

“இது சாமி கதைதான மதினி?” என்று என் அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வாள்.

“சாமி வராத நாடகம் எங்க இருக்கு? எப்படியும் கடைசில ஒண்ணு வந்து நிக்கும்” என்பாள் அத்தை. அம்மாவுக்கு அது போதும். எங்கள் ஊரில் அதுதான் பிள்ளைகளைப் பிடித்த சனியன் என்று இப்போது தோன்றுகிறது. கடைசியில் ஒரு சாமி வந்துவிட்டால் அதற்கு முன்னால் நடந்த குத்து, வெட்டு, கள்ளத்தனம், துரோகம் எல்லாமே பிள்ளைகள் பார்க்கத் தக்கதாகிவிடும். யாரும் கேட்பதில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அத்தை எங்களைத் தன் வீட்டுக்குள் வரிசையாக உட்கார வைப்பாள். ஆளுக்கொரு பித்தளைத் தம்ளர் நிறையப் பால் கொடுப்பாள். அவளே கறந்து, அவளே காய்ச்சி, கருப்பட்டி போட்டு ஆற்றிய பால். வேண்டாம் என்று சொல்ல முடியாது. “குடிங்க. வயித்துல பால் இருந்தா பயம் தெரியாது” என்பாள். மேல் உதட்டில் மீசை ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொருத்தி முகத்தையும் திருப்பிப் பார்த்து, தன் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் தெருவில் இறக்குவாள்.

அந்த முந்தானையால் அவள் செய்யாத காரியம் ஒன்று உண்டு. மற்றப் பெண்கள் எல்லாரும் செய்வது அது. கொட்டகையில் பெண்கள் பக்கம் ஒரே முந்தானை மயம். ராஜா தாசி வீட்டுக்குப் போகிறான் என்றால் அத்தனை தாய்மாரும் அத்தனை பிள்ளைகள் முகத்திலும் சேலையைப் போடுவார்கள். கத்தியை உருவினால் போடுவார்கள். பபூன் இடுப்பை ஆட்டினால் போடுவார்கள், அவர்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் வரிசையில் மட்டும் ஒரு முகமும் மூடியிருக்காது.

பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. தன் சேலைத் தலைப்பை நீட்டி என் கண்ணையும் சேர்த்து மூடினாள். அத்தை அதை எடுத்து அவள் மடியிலேயே போட்டாள்.

“பாக்கட்டும் விடுங்க ஆச்சி. மூடி வச்சா உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டு எம்புட்டோ நினைக்கும். பாத்துட்டா இம்புட்டுத்தான்.”

“பொட்டப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியணுமாக்கும்?”

“பொட்டப்பிள்ளைக்குத்தான் தெரியணும்” என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கேள்வி கேட்டால் பதில் சொல்வாள், அது இன்னொரு பழக்கம். தாசி என்றால் யார் என்று நான் கேட்டேன். கொட்டகை அமைதியாக இருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். “ஒருத்தன் பொண்டாட்டின்னு ஆக விடாத வீட்டுல பொறந்தவ. அவளா கேட்டுப் பொறக்கல” என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. மறுநாள் அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்து முதுகில் ஒன்று வாங்கினேன். அம்மா நேராக ஏட்டு வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள்.

“கேட்டுச்சு, சொன்னேன்” என்றாள் அத்தை. “நான் சொல்லலைன்னா பபூன் சொல்லுவான். அவன் சொல்லுறது நல்லாவா இருக்கும்?” அம்மாவுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை போடப் போனவள் ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்தாள்.

தூங்கவும் விடமாட்டாள். இது எனக்குப் பிடிக்காது. சின்னதுகள் கண் சொருகினால் சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்துக் கண்ணைத் துடைப்பாள். அப்படியும் சாய்ந்தால் காது மடலைத் திருகுவாள். “தூங்கிட்டா பாதிக் கதைதான் தெரியும். பாதிக் கதை ஆகாது” என்பாள். அவள் முகத்தில் அப்போது ஒரு கண்டிப்பு இருக்கும். எங்களுக்காக அவள் வந்தாளா, அவளுக்காக நாங்கள் வந்தோமா என்று எனக்கு அந்தச் சமயத்தில் சந்தேகம் வரும். பிள்ளைதானே, தூங்கினால் தூங்கட்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எல்லாவற்றையும் ஈடு கட்டுவது மறுநாள் காலை.

நாடகக் கம்பெனி ஊரில் தங்கும் மாதங்களில், தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடு பிடித்திருப்பார்கள். விடிந்ததும் ஒரு சட்டி மோரைத் தூக்கிக்கொண்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு, அத்தை அந்தச் சந்துக்குப் போவாள். “நேத்து செத்தவுக எல்லாம் இன்னிக்குப் பல்லு வெளக்குதாக, வந்து பாருங்க பிள்ளைகளா” என்பாள்.

உண்மைதான். தலை வெட்டுப்பட்ட ராஜா தன் வேட்டியைத் தானே அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருப்பார். எங்களை நடுங்க வைத்த அசுரனுக்குப் பல்வலி, கன்னத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பார். அழுதழுது எங்களையும் அழவைத்த பத்தினி, படிக்கட்டில் கண்ணாடியை வைத்துத் தாடையைச் சிரைத்துக்கொண்டிருப்பான். அத்தை அவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவாள். “இந்தப் பிள்ளை உங்களப் பாத்துப் பயந்துச்சு. ஒருக்கச் சிரிங்க” என்பாள். மோருக்காகவோ, ஏட்டையா பெண்சாதி என்பதற்காகவோ, சிரிப்பார்கள். எங்கள் பயம் அத்தோடு தீர்ந்துபோகும். மிச்சமிருப்பது கதை மட்டும்தான். அத்தை நாடகம் காட்டும் முறை இதுதான். இரவில் கண்ணை மூடவிடாமல் பார்க்க வைப்பாள், காலையில் அரிதாரம் கலைந்த முகத்தைக் காட்டுவாள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுக்கதை.

ஏட்டையாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உயரமான மனிதர், பேசமாட்டார். அத்தையை அடித்தார், வைதார் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் தலைப்பாகையை ஆணியில் மாட்டிவிட்டு முற்றத்துத் தூணைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நாங்கள் உள்ளே போனால் எழுந்து வெளியே போய்விடுவார். வத்திராயிருப்பிலிருந்து அவருடைய அக்கா அடிக்கடி வந்து போனாள். அவள் வந்து போன நாட்களில் அத்தை எங்களுக்குக் கருப்பட்டி அதிகமாகப் போட்டுவிடுவாள். எங்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

ராஜபாளையத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி ஒரு வருஷம் எங்கள் ஊருக்கு வந்தது. நான் முதலில் சொன்ன டிக்கெட்காரர் அந்தக் கம்பெனி ஆள்தான். நிறைய நாடகம் போட்டார்கள், எல்லாவற்றையும் பார்த்தோம். ஒருநாள் வாசலில் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. அத்தையைப் பார்த்து, “இதை நீங்க ராஜபாளையத்துல தங்கச்சி வீட்டுக்கு வந்தப்பவே பாத்தீகளேம்மா” என்றார்.

“பிள்ளைக பாக்கலைல்லா” என்றாள் அத்தை.

“இது வேண்டாமேம்மா.”

“வேண்டாம்னா ஏன்னு கேக்கும்க. அதுக்கும் நாந்தான பதில் சொல்லணும்?” என்று சொல்லி எங்கள் முதுகில் கை வைத்தாள். அன்றைக்கு அந்தக் கை மெதுவாகத்தான் தள்ளியது.

கதை இதுதான். ஒரு ஜமீன்தாருக்கு மூத்தாள், அவளுக்குப் பிள்ளை இல்லை. இளையாள் வருகிறாள், பிள்ளை பெறுகிறாள். மூத்தாள் அந்தப் பிள்ளைக்குப் பாலில் விஷம் வைக்கிறாள். மூத்தாளாக வந்தவன் நல்ல பாட்டுக்காரன். அவன் தனியாக நின்று பாடியபோது பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. உடனே பபூன் வந்துவிட்டான். மலடி முகத்தில் முழித்ததால் தன் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்றான். கொட்டகையே குலுங்கியது. நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். முன்வரிசையில் இருந்த ஒருத்தி சிரித்துக்கொண்டே திரும்பினாள். அத்தையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்தி, பக்கத்தில் இருந்த தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மலடின்னா என்ன அத்தை?” என்று கேட்டேன். கேட்டால் பதில் சொல்கிறவள் என்பதால் கேட்டேன்.

“பிள்ளை இல்லாதவ. என்னைய மாதிரி” என்றாள். சோறு ஆச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவள் சிரிக்கவும் இல்லை, மேடையிலிருந்து முகத்தைத் திருப்பவும் இல்லை.

செல்லம் அப்போது என் தோளில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்களில் அவள்தான் கடைக்குட்டி. மூத்தாள் கையில் தம்ளரோடு வரும் இடம் வந்ததும் அத்தை ஈரவிரலால் அவள் கண்ணைத் துடைத்தாள். அவள் முழிக்கவில்லை. காதைத் திருகினாள். “எந்திரிட்டி. இதான் முக்கியமான இடம்.”

செல்லம் கண்ணைத் திறந்தாள். கதையில் முன்னால் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்தது ஒன்றைத்தான். ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே குனிந்து பித்தளைத் தம்ளரில் ஒரு பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். குடித்த பிள்ளை துடித்து விழுகிறது.

அவள் போட்ட கூச்சலில் ஹார்மோனியக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். எவ்வளவு தட்டிக் கொடுத்தும் அடங்கவில்லை. ஆண்கள் பக்கமிருந்து சீட்டி அடித்தார்கள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு எங்களையும் எழுப்பி வெளியே கூட்டி வந்துவிட்டாள். ஒரு நாடகத்தின் நடுவில் அவள் எழுந்து வந்தது அன்றைக்குத்தான். கடைசியில் அம்மன் வந்து அந்தப் பிள்ளையை எழுப்பிவிடுமாம். மூத்தாள் அதைக் கட்டிக்கொண்டு அழுவாளாம். எனக்கு அது வேறு யாரோ சொல்லிப் பிற்பாடு தெரிந்தது. செல்லத்துக்குத் தெரியவே இல்லை.

காலையில் அவளுக்கு உடம்பு கொதித்தது. கம்பெனி வீட்டுக்குக் கூட்டிப் போக வழக்கம்போல் அத்தை வந்தாள். காய்ச்சல் என்று தெரிந்ததும் ஓட்டமாக வீட்டுக்குப் போய், பால் காய்ச்சி, மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டு எடுத்து வந்தாள். அதே பித்தளைத் தம்ளரில்தான் எடுத்து வந்தாள். அவளுக்கு அது தோன்றவில்லை. அவள் வீட்டில் இருந்தது அந்தத் தம்ளர்கள்தான்.

குனிந்து, சிரித்து, “ஏட்டி செல்லம்” என்றாள்.

செல்லம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “வேண்டாம், வேண்டாம். அத்தை வெசம் வச்சிருக்கு” என்று கத்தினாள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அத்தை முகத்தை நான் பார்த்தேன். பபூனுக்கு மாறாத முகம் அப்போது மாறிவிட்டது. “தூங்குன பிள்ளைய எழுப்பினது நாந்தான். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்” என்றாள். அம்மா எழுந்து தம்ளரை வாங்கிக்கொண்டாள். “நான் குடுத்துக்கிடுதேன் மதினி. நீங்க போங்க” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ராத்திரி நாடகத்தில் என்ன நடந்தது என்று அதற்குள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். ஒன்று விடாமல் கதை சொல்ல அத்தைதான் எனக்குப் பழக்கியிருந்தாள். நானும் கோழி முட்டைப் பகடி உட்பட ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன்.

அத்தை வாசல் தாண்டுவதற்குள் அம்மா பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். சளக்கென்று சத்தம் கேட்டது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் செத்த நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் நடந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். ரோஷம் இருக்கிறவள் எங்கள் வாசலை அப்புறம் மிதித்திருக்கமாட்டாள். அத்தைக்கு ரோஷத்தைவிடப் பெரிதாக ஒன்று மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. பிள்ளை பாதிக் கதையோடு கிடக்கிறது. கம்பெனி வீட்டுக்கு அதைத் தூக்கிப்போக முடியாது. எனவே அன்று வெயில் ஏறின நேரத்தில், தெரு முழுக்க ஆட்கள் நடமாடும்போது, மூத்தாளாக வந்த ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

முன்னால் அத்தை, கையில் மூடி போட்ட சொம்பு. பின்னால் ஒல்லியாக, வெளுத்துப்போன ஜிப்பாவும் தோள் வரை முடியுமாக ஒரு ஆள். கண்ணோரத்தில் மை சரியாகக் கழுவப்படவில்லை. ஏட்டையா பெண்சாதி ஒரு கூத்தாடியைக் கூட்டிக்கொண்டு தெருவில் வருகிறாள் என்று வீட்டுக்கு வீடு தலை நீண்டது. அந்த ஆளுக்கே நடை கூசியது. தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

அம்மா பார்த்துவிட்டாள். அப்பா பருத்தி விஷயமாகச் சாத்தூர் போயிருந்தார். “ஆம்பளை இல்லாத வீட்டு வாசல்ல கூத்தாடியக் கொண்டாந்து நிறுத்துதாளே, பாவி” என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். செல்லத்தை இழுத்து மடியில் போட்டு அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“மதினி, கதவத் தொறங்க. இவுகளைப் பிள்ளை ஒருக்கப் பாத்துட்டாப் போதும். பாத்தா சரியாப் போயிரும்.”

நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன்.

“ஐயா, அந்தக் குரல்ல ஒரு வார்த்தை பேசுங்க. பொறவு உங்க குரல்ல பேசுங்க. உள்ள பிள்ளைக்குக் கேக்கட்டும்” என்றாள் அத்தை.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தெரு முழுக்க ஜனம். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூத்தாள் குரலில், “குடி கண்ணே” என்றான். யாரோ சிரித்தார்கள். பிறகு சொந்தக் குரலில், அது கரகரவென்று இருந்தது, “பாப்பா, அது நாந்தாம்மா. அது விஷமும் இல்ல, பாலும் இல்ல. சுண்ணாம்புத் தண்ணி. அந்தப் பிள்ளை என் அண்ணன் மகன்தான். இப்ப அங்க கோலி வெளையாடிக்கிட்டு இருக்கான்” என்றான்.

அத்தை சொம்பைத் திறந்து அவனிடம் கொடுத்தாள். அவன் அண்ணாந்து முழுவதையும் குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான். மேல் உதட்டில் பால்மீசை. அத்தை பழக்கதோஷத்தில் முந்தானையைத் தூக்கிவிட்டு, தெருவில் நிற்கிறோம் என்று நினைவு வந்து கீழே விட்டாள்.

எனக்கு அந்த நிமிஷமே பயம் போய்விட்டது. சிரிப்புக்கூட வந்தது. “அம்மா, சும்மா ஒரு ஆளும்மா” என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அவள் கைக்குள் செல்லம் திமிறிக்கொண்டிருந்தாள், பார்க்க வேண்டும் என்றுதான் திமிறியிருப்பாள். அம்மா விடவில்லை. தாழ்ப்பாள் எனக்கு எட்டும் உயரம்தான். நான் எழுந்து போகவில்லை. அம்மாவின் கோபத்துக்குப் பயந்தேன், அவ்வளவுதான் விஷயம்.

செல்லத்துக்குக் காய்ச்சல் இறங்கியது. பால் மட்டும் அதற்கப்புறம் அவள் தொடவில்லை. இன்றைக்கு வரைக்கும் கடுங்காப்பிதான்.

ஏட்டையா காதுக்கு மத்தியானத்துக்குள் விஷயம் போய்விட்டது. அப்போதும் அவர் சத்தம் போடவில்லை. இனிமேல் கொட்டகைப் பக்கம் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்த நாடகத்தைப் பார்த்த தாய்மார் யாரும் அப்புறம் பிள்ளைகளை அவளோடு அனுப்பவில்லை. பிள்ளைகள் இல்லாமல் அவள் எப்படிப் போவாள்? அறுவடை முடிந்ததும் வத்திராயிருப்பிலிருந்து ஏட்டையாவுக்கு இளையாள் வந்தாள். கூத்தாடியோடு தெருவில் நடந்தவள் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ள ஏட்டையாவுக்கும் அவர் அக்காவுக்கும் வசதியாகப் போய்விட்டது. அதெல்லாம் முன்பே பேசி முடித்ததுதான், நம்மால் ஒன்றும் கெடவில்லை என்று அப்பா சொன்னார். இருக்கலாம். அதை அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அம்மாவும் ஒரு நாள், என் கல்யாணத்துக்குச் சாமான் எடுத்து வைக்கிறபோது, ஒன்றுமில்லாத பேச்சுக்கு நடுவில், “தொறந்திருக்கலாம்ட்டி” என்றாள். எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை.

என்னை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து, ஊரில் கொட்டகை இருந்த இடத்தில் சினிமா வந்துவிட்டது. என் மகளுக்கு அன்றைய செல்லத்தின் வயது ஆனபோது அவளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். “ஏட்டம்மாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வா. ஒன்னைய விசாரிக்கா” என்றாள் அம்மா.

அத்தை அந்த வீட்டின் பின்கட்டில், தொழுவத்தை ஒட்டிய அறையில் இருந்தாள். முன்கட்டில் தன் பிள்ளைகளோடு இளையாள். அவள் கெட்டவள் இல்லை, என்னைச் சிரித்த முகமாக வா என்றாள். அத்தைக்குத் தலை நரைத்திருந்தது. என் மகளை ஒரு எட்டுத் தள்ளி நின்றே பார்த்தாள். நீ என்னென்ன பார்த்தாய், ராஜபாளையத்தில் இப்போது என்ன நாடகம் என்று என்னிடம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. “பிள்ளைக்குக் குடுக்க ஒண்ணும் இல்லையே” என்றாள்.

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்க அந்த வாசனை.

“அத்தை, அவளுக்குக் கொஞ்சம் பால் குடுங்க” என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறாளா என்று பார்த்தாள் போல. பிறகு தம்ளரை எடுத்துக் கழுவி, பாலை ஊற்றி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு ஆற்றினாள். ஆற்றிய தம்ளரை என் மகளிடம் நீட்டவில்லை. தான் உயரத் தூக்கி, உதட்டில் படாமல், அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். விழுங்கினாள். வாயைத் திறந்து பிள்ளைக்குக் காட்டினாள். செத்த நேரம் அப்படியே இருந்தாள். அதற்கப்புறம்தான் தம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

“என்ன அத்தை இது? எங்கிட்டப் போயி இப்படிச் செய்யணுமா?” என்றேன்.

“ஒனக்காக இல்லட்டி. பழகிப்போச்சு. முன்கட்டுச் சின்னவனுக்கும் இப்படித்தான் குடுக்கேன். இப்படிக் குடுத்தா அவிய ஒண்ணும் சொல்லுறதில்ல” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். என் மகள் ஒன்றும் தெரியாமல் மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள். அத்தை முந்தானையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகு பிள்ளையின் மேல் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

தெருவில் இறங்கியதும் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, அந்த ஆச்சி ஏம்மா என் பாலை முதல்ல குடிச்சாக?”

கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவள் அந்த வீட்டுக்குள்தான் இருந்தாள். எங்கள் வீட்டு வாசல் வரும் வரைக்கும் நான் பேசாமல் நடந்தேன்.

“சூடு பாத்தாக” என்று சொன்னேன்.